மேற்படி ரிமோட்

உரிமைக்கோரல் ஒன்று:
நூற்றுப் பதினாறு சொல், ஒரே முற்றுப்புள்ளி.
பார்ப்பவர் தம் விருப்பப்படி
சேனல்களைத் தேர்ந்து, எண் கொடுத்து,
வரிசை மாற்றிக்கொள்ளும் பெட்டி.
பிறகெல்லாம் மேற்படி பெட்டி,
மேற்படி வரிசை, மேற்படி பார்ப்பவர்.

மன்னார்குடி, மருந்துக்கடை மாடி.
ஐப்பசி அடைமழையில் மூன்றாம் முறை கரண்ட் போய்
மடிக்கணினியில் மிச்சம் நாற்பது சதவீதம்.
வியாழனுக்குள் சென்னைக்குக் கருத்துரை போகவேண்டும்.

எனக்கு இது புது மொழியில்லை.
சட்டம் படித்து வேலையில்லாத இரண்டு வருஷம்
சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதினேன்.
வடக்கே பாமணியாற்றுப் பாசன வாய்க்கால்,
கிழக்கே கலியமூர்த்தி வகையறா நஞ்சை,
இந்நான்கெல்லைக்குட்பட்ட மேற்படி சொத்து.
தகராறென்றால் சங்கிலி பிடித்து அளக்க
சர்வேயர் வருவார், சேற்றில் வழுக்குவார்.
இங்கே எல்லைக்கற்கள் வினைச்சொற்கள்.
இரவில் நகர்த்தி வைத்தாலும் தெரியாது.

'ஒரு பார்ப்பவர்' என்கிறது.
ஒருவரே ஒருவரா, குறைந்தது ஒருவரா?
தமிழில் 'ஒரு' இரண்டுக்கும் தலையாட்டும்.
எங்கள் வீட்டில் ரிமோட் ஒன்று, ஆள் ஐந்து.
கிரிக்கெட் நாளில்
எவர் பார்ப்பவர்,
எவர் பார்க்க நேர்ந்தவர்?

கூத்தாநல்லூரில் கேபிள் நடத்திய நூருல் அமீனிடம்
பழைய நோட்டு இருக்கிறதாம், 2001-இல் எழுதியது.
காப்புரிமைக்கு மூன்று வருஷம் மூத்தது.
கம்பி ஒடிந்த குடையோடு பஸ் ஏறினேன்.

இப்போது அது ரீசார்ஜ் கடை.
கல்லாவுக்கடியில் இருந்து எடுத்துத் தூசி தட்டினார்.
வீடு வீடாகப் போய், டிவி டிவியாக
அவர் கையால் ட்யூன் செய்த எண்கள்.

'பெரிய தெரு ஜபருல்லா: 7 எடுத்துவிடவும்.'
மறுநாள் தேதியில், அதே மையில்,
'7 திரும்பப் போடவும். மகனிடம் சொல்லவேண்டாம்.'
'வாத்தியார் வீடு: செய்தி 1. மற்றது எப்படியோ.'
'தையல் மெஹருன்னிசா: 14 காலி. புள்ளி ஓடட்டும்.
அந்த இரைச்சலில்தான் தூக்கம் வருதாம்.'

திரும்பி வந்து பென்சிலால் பொருத்திப் பார்த்தேன்.
பெட்டி உண்டு. வரிசை உண்டு. விருப்பம் ஏராளம்.
நான்காவது அம்சத்தில் நின்றுவிட்டேன்:
'வரிசையைத் தானாக மாற்றியமைக்கும் செயலி.'

அமீன் அண்ணன் செயலியா?
நினைவகம்: நோட்டு.
உள்ளீடு: போனில் திட்டு.
மாசம் எண்பது ரூபாய், பாதிப்பேர் பாக்கி.
தானாகவும் செய்திருக்கிறார் மனுஷன்:
'மார்ச், பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீடுகள்,
கார்ட்டூன் 90-க்குத் தள்ளப்பட்டது.'
எந்தத் தகப்பனும் கேட்கவில்லை.
எந்தப் பிள்ளையும் மன்னிக்கவில்லையாம்,
சிரிக்கிறார் இன்னும்.

ஆனால் அதே வாக்கியத்தில், நாலு சொல் தள்ளி,
'மின்னணு' என்று ஒரு முள்வேலி.
ஓர் அம்சம் குறைந்தாலும் எதிர்வாதம் நிற்காது.
நோட்டு பொருந்தாது என்று தட்டச்சினேன்.
விரலுக்குக் கொஞ்சம் வலித்தது.

பதினான்கு மட்டும் மிச்சமிருக்கிறது.
'ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிகழ்ச்சி' என்கிறது கோரல்.
நிகழ்ச்சியே இல்லாததை
ஒருத்தி விரும்பித் தேர்ந்தால்?
சார்புக்கோரல்கள் இருபதையும் தேடினேன்,
அதை யாரும் வளைத்துப் போடவில்லை.
பத்திரமாயிருந்தால்
புறம்போக்கு என்று எழுதியிருப்பேன்.

பதினோரு சதவீதத்தில் அனுப்பினேன்.
கரண்ட் வந்தது.
கீழே மருந்துக்கடைக்காரர்
மாற்றினார், மாற்றினார், மாற்றினார்.
எதுவும் பிடிக்கவில்லை போல.
அணைத்துவிட்டு
மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.